அவிழ்த்துவிட்ட மாடுகள்

அன்று பகல் பன்னிரண்டு மணி வாக்கில் டாக்டர் திருவாரூரிலிருந்து போன் செய்தார். புயல் பற்றிய கூட்டத்துக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். பஸ்களை நிறுத்திவிட்டார்கள், தன்னால் இன்றைக்குத் திரும்ப முடியாது என்பதை முதலில் சொன்னார். பிறகு வேலையைச் சொன்னார். திருத்துறைப்பூண்டிக்குள் மாடு வைத்திருப்பவர்கள் அத்தனை பேரிடமும் போய், மாடுகளை அவிழ்த்துவிடச் சொல்ல வேண்டும். கட்டிப்போட்ட மாடு கொட்டகை சரிந்தால் நசுங்கும், தண்ணீர் ஏறினால் மூழ்கும். அவிழ்த்துவிட்டால் அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். இருட்டுவதற்குள் முடித்துவிட்டு ஏதாவது கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள் என்றார். அதோடு லைன் அறுந்தது.

நான் அப்போது அந்த ஊர்க் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர். டாக்டருக்கு அடுத்த படி. தடுப்பூசி போடுவது, பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது, காதில் மஞ்சள் வில்லை மாட்டுவது, ரிஜிஸ்டர் எழுதுவது எல்லாம் என் வேலை. ஆறு வருஷத்தில் மாடு கட்டியிருக்கும் வீடுகள் எல்லாம் எனக்குப் பழக்கமாகிவிட்டன. அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று தெரியாது. பசு எத்தனையாவது ஈற்று என்று தெரியும். எல்லோரும் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வருஷம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

என் கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகளை இரண்டு நாள் முன்பே தஞ்சாவூரில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில் நானும் ஒரு ஸ்கூட்டியும் மகளின் சைக்கிளும் இருந்தோம். ஸ்கூட்டியில் பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்குகளை முந்தின நாளே கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். ஆகவே சைக்கிள். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது, முன்பக்கம் கூடை வைத்தது. கூடையில் ஒரு டார்ச், ஒரு தண்ணீர் பாட்டில், தைக்கிற கத்தரிக்கோல், ஒரு கருக்கரிவாள் போட்டுக்கொண்டேன். அரிவாள் எதற்கு என்று கேட்டால், ஈரமான நைலான் கயிற்று முடிச்சைக் கையால் அவிழ்க்க முடியாது என்பதுதான் காரணம். சைக்கிள் ஓட்டிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெருமுனை வரை தள்ளாடியது, பிறகு பழகிவிட்டது.

முதல் இரண்டு தெருக்களில் ஆட்கள் இருந்தார்கள். ஓட்டு வீட்டுக்காரர்களும் குடிசைக்காரர்களும் டிராக்டரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கல்யாண மண்டபம் ஒன்றிலும் பள்ளிக்கூடத்திலும் தங்க வைப்பதாக மைக் கட்டிய ஆட்டோ சொல்லிக்கொண்டு போனது. நான் ஒவ்வொரு வாசலிலும் இறங்கி மாட்டை அவிழ்த்துவிடுங்கள் என்றேன். யாருக்கும் அது பிடிக்கவில்லை. அவிழ்த்துவிட்டால் எவன் வீட்டு நாற்றங்காலில் போய் மேயுமோ, யார் பிடித்துக்கொண்டு போவார்களோ, திரும்பி வராவிட்டால் நீங்களா வாங்கித் தருவீர்கள் என்றார்கள். ஒருவர் மட்டும் பேசாமல் போய் இரண்டு எருமைகளையும் அவிழ்த்து முதுகில் தட்டிவிட்டு டிராக்டரில் ஏறினார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் அடுத்த தெருவுக்குத் திரும்பியதும் என்ன செய்தார்கள் என்று தெரியாது.

மூன்றாவது தெருவில் யாரும் இல்லை. எல்லா வீட்டிலும் பூட்டு. கொல்லைப்புறங்களிலிருந்து மாடுகள் கத்துவது மட்டும் கேட்டது. மாடு பசிக்குக் கத்துவது ஒரு மாதிரி, கன்றைத் தேடிக் கத்துவது ஒரு மாதிரி. இது இரண்டும் இல்லை. நான் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்தேன். அவிழ்க்கச் சொல்லுங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். நீங்களே அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. கேட்க ஆள் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று கேட்கலாம் என்று போனை எடுத்தால் டவர் இல்லை.

முதல் வீட்டின் பின்பக்கம் மூங்கில் படலைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பசு, ஒரு கிடாரி. தென்னங்கீற்றுக் கொட்டகை, அதன் மேல் காற்றுக்குப் பயந்து போட்டிருந்த நான்கு மணல் மூட்டை. மூட்டையோடு கூரை விழுந்தால் மாட்டின் முதுகு என்ன ஆகும் என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டின் தும்புக் கயிற்றையும் அறுத்தேன். இரண்டும் வெளியே வந்து தெருவில் நின்று, என்னைப் பார்த்துவிட்டு, நடக்க ஆரம்பித்தன. அதன் பிறகு யோசிக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினேன். என்னைத் தெரியாத நாய்கள் இரண்டு குரைத்தன. தெரிந்த நாய்கள் சைக்கிள் பின்னாலேயே வந்தன.

தெருக்களுக்கு நடுவே கடைவீதியைக் கடக்க வேண்டியிருந்தது. அந்த ஊர்க் கடைவீதியை நான் அப்படிப் பார்த்ததில்லை. மழை பொடிசாகப் பெய்துகொண்டிருந்தது. வெளிச்சம் மூன்று மணி வெளிச்சம் போல இல்லை. மஞ்சளும் சாம்பலும் கலந்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருந்தது. எல்லா ஷட்டரும் இறக்கியிருந்தன. காற்று வரும்போது தெரு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக அவை கடகடத்தன, பிறகு நின்றன. பிளக்ஸ் பேனர்களைக் கழற்றிச் சுருட்டி ஒரு நகைக்கடை வாசலில் போட்டிருந்தார்கள். பூக்கடை மேஜைகளைக் கவிழ்த்துக் கால் மேலே தெரிய அடுக்கி, சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். வழக்கமாக அந்த இடத்தைத் தாண்ட மணியடித்து, கத்தி, கால் மணி நேரம் ஆகும். அன்று நடுரோட்டில், ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கையால் முகத்தில் மழையைத் துடைத்தபடி போனேன். மகள் பிறகு பயமாக இல்லையா என்று கேட்டாள். இல்லை. ரோடு இவ்வளவு அகலமா என்றுதான் நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு போலீஸ்காரர் மட்டும் மழைக்கோட்டோடு டைம் கீப்பர் அறைக்குள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். எங்கே போகிறீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார். மாடுகளை அவிழ்த்துவிடுகிறேன் என்றேன். அவர் கூடையில் இருந்த அரிவாளைப் பார்த்தார். யார் மாட்டை என்று கேட்டார். ஊர் மாட்டை என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் வீடு கீழ்வேளூர்ப் பக்கம் என்றும், வீட்டில் ஒரு பசு இருப்பதாகவும், மனைவிக்குப் போன் போகவில்லை என்றும் சொன்னார். அவங்க அவிழ்த்துவிட்டிருப்பாங்க என்று சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் சொன்னேன். இருட்டுமுன் மண்டபத்துக்கு வந்துவிடுங்கள் என்று அனுப்பினார்.

ரயில்வே கேட் திறந்தே கிடந்தது. அதைத் தாண்டியதும் குளம். குளத்தில் வெள்ளைப் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. கொக்கு என்று நினைத்தேன். கொக்கு இல்லை, கடல் பறவை. கோடியக்கரைப் பக்கத்திலிருந்து காற்றுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். அவை பறக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. தண்ணீர் மேல் ஒரே திசையைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தன. எல்லாம் வடக்கே பார்த்திருந்தன. அப்போதுதான் காற்று வாடையிலிருந்து அடிக்கிறது என்பதைக் கவனித்தேன். தெற்கே போகும்போது பெடல் மிதிக்காமலேயே சைக்கிள் ஓடியது. வடக்கே திரும்பினால் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது.

நாலரை மணிக்குள் பூட்டிய வீடுகளில் மட்டும் பதினான்கு மாடுகளை அவிழ்த்திருந்தேன். கடைசி வீடு ஆற்றங்கரை ஓரமாக இருந்தது. சின்னது, புதிதாகச் சிமெண்ட் பூசியது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவர் திருப்பூரில் வேலை செய்தார். அவள் வயல் வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு ஜெர்ஸி கலப்புப் பசுவை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பசுவை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்காமல், நான்காவது முறை நின்றது. மூன்று முறையும் அவள் என்னைக் கோபிக்கவில்லை. இப்போது நிறைசினை. மடி இறங்கியிருந்தது. பத்து நாளில் ஈன்றுவிடும் என்று போன வாரம்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

பசுவுக்கு இரண்டு கயிறு போட்டிருந்தது. கழுத்தில் ஒன்று, முன்காலில் ஒன்று. முன்னால் நிறைய வைக்கோல், ஒரு அண்டா தண்ணீர். கொட்டகைக்குத் தகரக் கூரை. கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு இருபதடி தூரத்தில் கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. காலில் கயிறோடு தண்ணீரில் நிற்கும் நிறைசினைப் பசுவை நினைத்தேன். இரண்டு கயிற்றையும் அறுத்தேன்.

அது போகவில்லை. தட்டினேன், தள்ளினேன், வேப்பங்குச்சியால் அடித்தேன். வாசல் வரை வந்து நின்றது. கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்பது போல் காதைத் திருப்பிக்கொண்டு நின்றது. நான் அதனோடு நிற்க முடியாது. படலைத் திறந்து வைத்து, அது மூடிக்கொள்ளாமல் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். ஆற்றுப்பாலத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். பசு ரோட்டில் தெற்கே, காற்று தள்ளும் பக்கமாக, மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

பாலத்தில்தான் காற்று என்னைப் பிடித்தது. அதுவரை அடித்தது காற்றே இல்லை என்று அப்போது தெரிந்தது. சைக்கிளோடு பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தேன், பிறகு விழுந்தேன். கூடையில் இருந்த டார்ச் ஆற்றில் போயிற்று. முழங்கை சிராய்த்தது. சைக்கிளைப் பாலத்தின் கைப்பிடியில் சாத்தி, மகளின் பூட்டுச் சங்கிலியால் கட்டிவிட்டு, குனிந்து நடந்தேன். கல்யாண மண்டபம் அரை கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் ஒரு புங்க மரம் என் கண் முன்னால் சாய்ந்தது. சத்தமே கேட்கவில்லை, காற்றின் சத்தம் அவ்வளவு இருந்தது.

மண்டபத்தில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். உப்புமா பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மேடையில் யாரோ நடத்திய கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் இன்னும் ஒட்டியிருந்தன. நான் சுவர் ஓரமாக இடம் தேடி உட்கார்ந்தேன். பக்கத்தில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஆற்றங்கரை வீட்டுப் பெண்.

நனைந்திருக்கிறீர்களே என்று தன் மாற்றுப் புடவையைக் கொடுத்தாள். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு, போய்த் தட்டில் வாங்கி வந்தாள். கதவுகள் அதிர ஆரம்பித்தபோது குழந்தைகள் அழுதார்கள். அவள் என் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"மாட்ட நெனச்சாத்தான் கவலையா இருக்கு டாக்டரம்மா. ஆனா ரெண்டு கயிறு போட்டுக் கட்டிருக்கேன். மெரண்டு ஓடிட்டா வயித்துல இருக்கறது என்ன ஆகும்? அதான்."

நான் "ம்" என்றேன்.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது, யார் மேலும் படவில்லை. நடுவில் காற்று நின்றுபோனது போல் இருந்து, பிறகு எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. அவள் கொஞ்ச நேரம் தூங்கினாள். நான் தூங்கவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கதவைத் திறந்துகொண்டு அந்தக் காற்றில் ஓடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது உண்மை இல்லை. அவள் புடவையைக் கட்டிக்கொண்டு, அவள் வாங்கி வந்ததைச் சாப்பிட்டுவிட்டு, எப்படிச் சொல்வது என்று இருந்தது.

விடிந்ததும் அவள் எனக்கு முன்னால் எழுந்து போய்விட்டாள். நான் பாலத்துக்குப் போய் சைக்கிளை எடுத்தேன். பின்சக்கரம் கோணியிருந்தது, ஆனாலும் உருண்டது. ஊரைச் சுற்றி வந்தேன். மின்கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. தென்னை மரங்கள் தலை இல்லாமல் நின்றன. ஊருக்கு வெளியே சம்பாப் பயிர் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீருக்கு அடியில் படுத்துக்கிடந்தது. நான் அவிழ்த்த வீடுகளுக்குத்தான் முதலில் போனேன், ஆற்றங்கரை வீட்டைத் தவிர. முதல் வீட்டில் மணல் மூட்டைகளோடு கூரை தரையில் கிடந்தது. பசுவும் கிடாரியும் தெருவில் நின்று ஒடிந்த கிளையில் இலை தின்றுகொண்டிருந்தன. நான் போகாத தெருக்களிலிருந்து ஆட்கள் வந்து, வந்து பாருங்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் முடிந்தது. சாயங்காலத்துக்குள் நான் அவிழ்த்துவிட்டவற்றில் பதினான்கு தானாக வீடு திரும்பிவிட்டன. ஒன்றுக்குத் தொடையில் தகரம் கிழித்திருந்தது; தையல் போட்டேன்.

மறுநாள் காலை மருந்தகத்துக்கு ஆற்றங்கரைப் பெண் வந்தாள். கையில் அறுந்த கயிறு இரண்டும் இருந்தன. நான் மேஜையில் பஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை.

"எங்க மாட்ட யாரு டாக்டரம்மா அவுத்தது? கயிறு அறுத்திருக்கு. தானா அறுந்தது இல்ல."

"நான்தான்" என்றேன்.

அவள் கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முந்தாநாள் ராத்திரி பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"ரெண்டு கயிறு போட்டுக் கட்டுனேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அப்ப சொன்னா காத்துல எழுந்து ஓடிடுவீங்கன்னு சொல்லல."

"அது சரி. விடிஞ்ச பிறகு?"

அவள் கயிறுகளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, வந்து கொட்டகையைப் பாருங்கள் என்றாள். போய்ப் பார்த்தேன். கொட்டகை நின்றுகொண்டிருந்தது. அந்த வரிசையில் நின்ற ஒரே கொட்டகை அதுதான். ஆறு கரையைத் தாண்டவில்லை. வைக்கோல்கூட நனையவில்லை. அண்டாவில் தண்ணீர் இருந்தது. கட்டியபடியே விட்டிருந்தால் பசு அங்கே நின்றிருக்கும்.

நான் அவிழ்த்த பதினைந்தில் பதினான்கு பிழைத்தன என்று அவளிடம் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நல்ல வேளை, சொல்லவில்லை. தெற்கே நடந்து போனதைப் பாலத்திலிருந்து பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். மாடு காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நடக்கும், அந்த வழியாகத்தான் போயிருக்கும் என்றேன். தேடலாமா என்று கேட்டேன். அவள் வீட்டைப் பூட்டினாள்.

டாக்டர் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். பாதி நாள் வேலை, பாதி நாள் தேடல் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். சைக்கிள் சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டு, அவளைப் பின்னால் உட்கார வைத்து, மூன்று நாள் மத்தியானம் வேதாரண்யம் ரோட்டில் போனோம். விழுந்த மரங்கள் வரும் இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தூக்கி, அந்தப் பக்கம் வைத்து மறுபடி ஏறுவோம். பாதி தூரம் அவள் மிதித்தாள். என்னைவிட நன்றாக மிதித்தாள். ஊர் ஊராக நிறுத்தி, முன்கால் ஒன்றில் வெள்ளை உள்ள செவலைப் பசு, நிறைசினை, பார்த்தீர்களா என்று கேட்போம். நாங்கள் கேட்டவர்களே வீடு இல்லாமல் நின்றார்கள். அவர்களிடம் ஒரு மாட்டைப் பற்றிக் கேட்கச் சங்கடமாக இருந்தது. ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. தெரிந்தவரை சொன்னார்கள். மாட்டைத் தவிர நாங்கள் இருவரும் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இறந்த மாடு எங்கே கிடந்தாலும் அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். நான் போகிறேன் என்றால் விடமாட்டாள். திரும்பி வந்து, இல்லை என்று தலையாட்டிவிட்டு ஏறிக்கொள்வாள்.

மூன்றாம் நாள், ஊரிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி, ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கிராமத்தில், ஒரு களத்து மேட்டில் சினைப் பசு ஒன்று நிற்பதாக டீ விற்றுக்கொண்டிருந்தவர் சொன்னார். போனோம். களத்தின் நடுவே, விழுந்த தென்னை மரத்தில் கட்டி, முன்னால் பச்சைப் புல் போட்டிருந்தது. அவள் சைக்கிள் நிற்பதற்குள் குதித்து ஓடினாள். பசு அவளைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தின்றுகொண்டிருந்தது. அவள் அதன் வயிற்றின் மேல் கையை வைத்து, அசைவு தெரியும் வரை அப்படியே நின்றாள்.

பழக்கதோஷத்தில் நான் காது வில்லையின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தபோது களத்துக்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். உங்க மாடா, ஓட்டிட்டுப் போங்க என்றார். அடையாளம்கூடக் கேட்கவில்லை. புயல் அடித்த விடியற்காலையில் தன் களத்தில் வந்து நின்றதாகவும், யாராவது தேடி வருவார்கள் என்று கட்டி வைத்ததாகவும் சொன்னார். உங்கள் மாடுகள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். வேலை அப்படி, கேட்டாக வேண்டும்.

"நாலு இருந்துச்சுங்க. கட்டுத்தறியிலயே கெடந்துச்சு. செவுரு விழுந்து." கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். மண் புதிதாக மூடியிருந்தது. "இது எப்படிங்க தப்பிச்சுது? அறுத்துக்கிட்டு வந்துடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "இவங்கதான் அவுத்துவிட்டாங்க. மாட்டாஸ்பத்திரி அம்மா. வீடு வீடாப் போய் அவுத்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை.

"எங்க ஊருக்கு யாரும் வரலீங்களே" என்றார்.

அந்தக் கிராமம் என் எல்லையில் இல்லை. அது வேறு மருந்தகத்தைச் சேர்ந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன? அவர் வீட்டில் எங்களுக்குக் கருப்பட்டி போட்டுக் காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பி வரும்போது அவள் பசுவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். நிறைசினை மாட்டை வேகமாக நடத்தக் கூடாது என்பதால் அங்கங்கே நிறுத்தினோம். நீங்கள் முன்னால் போங்கள் என்று ஒரு முறை சொன்னாள். போகவில்லை. நாலைந்து கிலோமீட்டர் வந்த பிறகு, பசு ஒரு குட்டையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அடுத்த தடவ இந்த மாதிரி வந்தா அவுத்துவிடுவீங்களா?"

"விடுவேன்."

"அவுத்துவிடுங்க. வேணாங்கல. ஆனா அவுத்தேன்னு சொல்லுங்க."

சரி என்றேன். ஊருக்குள் நுழையும்போது விளக்குப் போடும் நேரம். விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. அவள் வீட்டுத் திருப்பத்தில் நான் நின்றுகொண்டேன். அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை. பசு கொட்டகையைக் கண்டதும் நடையை வேகப்படுத்தியது.

பசு அதற்கு அடுத்த வாரம் கிடாரிக் கன்று போட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். என்னைக் கூப்பிடவில்லை. யாரையும் கூப்பிடாமல் அவளே பார்த்துக்கொண்டாளாம். நானும் போகவில்லை. புயலுக்குப் பிந்திய வேலைகள் நிறைய இருந்தன; கணக்கெடுப்பு, தடுப்பூசி முகாம், புகைப்படம் ஒட்டிய படிவங்கள். கன்று பிறந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு காலை மருந்தக வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தன் முறை வந்ததும் கன்றுக்குப் பூச்சி மருந்து வேண்டும் என்றாள். எடை என்ன இருக்கும் என்று கேட்டேன், சொன்னாள். அளந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். பால் குடிக்கும் முன்னாலா, பின்னாலா என்று கேட்டாள்.

"முன்னாடி. காலையில வெறும் வயித்துல" என்றேன்.

தலையாட்டிவிட்டு, பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அவளுக்கு அடுத்த ஆள் ஆட்டுக்குட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.